மாதவிடாய் பிந்துவது சாபமல்ல

(மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் சங்கத்தில் மாதவிடாய் பற்றியும் பேசலாமா என்று கேட்கிறார்கள். பேசத்தான் வேண்டும். மாதவிடாய் மாதக்கணக்கில் பிந்துகிறது, முகத்தில் ரோமம் வளர்கிறது, பிள்ளை உண்டாகத் தாமதமாகிறது என்பதற்காக நம் லயங்களில் எத்தனை பெண்கள் ஏச்சு வாங்குகிறார்கள்!

இது சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை. பலருக்குக் காரணம் பி.சி.ஓ.எஸ். என்ற சூலக நோய். பிள்ளை பெறும் வயதிலுள்ள 100 பெண்களில் 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

உடம்புக்குள் நடப்பது என்ன? இரத்தத்திலுள்ள சீனியைத் தசைக்குள் சேர்க்கும் ஓமோன் இன்சுலின். இந்நோய் உள்ள பலரின் தசை அதன் சொல்லைக் கேட்பதில்லை. உடனே உடம்பு இன்னும் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அது சூலகத்தைத் தூண்டி ஆண் ஓமோனைக் கூட்டுகிறது. முட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படுகிறது. மிஞ்சிய சீனி கலங்களுக்குள் இன்னொரு கெடுதியும் செய்கிறது. இரும்பில் துரு ஏறுவது போன்ற அந்தச் சேதத்தை ஒட்சியேற்ற அழுத்தம் என்பார்கள்.

உடற்பயிற்சி இங்கேதான் உதவுகிறது. வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமல் தானே சீனியை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் குறைந்தால் ஆண் ஓமோனும் குறைய வழி பிறக்கும். தொடர்ந்து செய்தால் துருவை எதிர்க்கும் சக்தியும் உடம்பில் வளரும். உடம்பு மெலியாவிட்டாலும் இந்த நன்மை உண்டு. வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடந்தால் நல்ல தொடக்கம்.

"மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிறோமே, இன்னும் என்ன உடற்பயிற்சி?" என்று கேட்பீர்கள். நியாயம். அந்த ஏற்றமும் கணக்கில் சேரும். ஆனால் அரை வயிற்றோடு, போதிய தூக்கமின்றிக் களைத்து விழும் அளவுக்கு உழைத்தால் அதே துரு கூடவும் கூடும். ஆகவே மலையில் நிற்கும் பெண்ணுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல சாப்பாடும். நடக்கச் சொல்வது கொழும்பில் நாள் முழுக்கத் தையல் மெசினில் குனிந்திருக்கும் நம் மகள்மாருக்கும், சோதனைக்குப் படிக்கவென்று வீட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்கும்தான்.

நடை மருந்துக்குப் பதிலாகாது. கர்ப்பம் இல்லாமல் 3 மாதம் மாதவிடாய் வராவிட்டால் கட்டாயம் வைத்தியரைக் காண வேண்டும். அப்படியே விட்டால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பின்னாளில் புற்றுநோய்க்கும் இடமாகலாம். வெட்கப்படாமல் முதலில் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

கிளினிக் போகிற நாளில் அரைப் பேர் போடக்கூடாது. பெண் பிள்ளைகள் ஓடி விளையாடத் தோட்டத்தில் ஒரு மைதானம் வேண்டும். இந்த இரண்டையும் நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். மாமியார்மாரே, மருமகளை ஏசுவதை நிறுத்தி, அவளோடு கிளினிக்குக்குத் துணையாகப் போங்கள்.