கட்டளை மீறல் குடும்பச் சண்டை அல்ல



பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். வன்முறை கூடாது என்பதில் இந்த அவையில் இரண்டு கருத்து இருக்காது. ஆகவே ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நீதவான் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்புக் கட்டளை கொடுத்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பெண்ணைக் காப்பது யார்?

இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவள் தானே நீதவான் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். அவள் சார்பில் பொலிசாரும் கொடுக்கலாம். ஆபத்து அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும். 14 நாட்களுக்குள் விசாரணை. அதன்பின் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. வீட்டுக்குள் வராதே, வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, தொடர்புகொள்ளாதே என்று நீதிமன்றம் வன்முறை செய்தவனைத் தடுக்கலாம். 2019ஆம் ஆண்டு நாடு தழுவிய கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்துக்கு ஒருவர் அந்தத் துணையின் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்ததாகச் சொன்னார்கள். அத்தனை பேருக்கும் உரிய சட்டம் இது.

இனி, கட்டளை பெற்ற ஒரு பெண்ணின் வீட்டில் ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். மணி பதினொன்று. படலையடியில் அவன் நிற்கிறான். குடித்திருக்கிறான். அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். பிள்ளைகள் எழும்பிவிட்டன. கையில் கட்டளையை வைத்துக்கொண்டு அவள் பொலிசுக்கு எடுக்கிறாள்.

"அடிச்சவரோ?"

"இல்லை ஐயா, வாசல்ல நிக்கிறார். கோட்ஸ் ஓடர் இருக்கு ஐயா."

"அடிக்கேல்லைத்தானே. காலமை வந்து முறைப்பாடு போடுங்கோ."

விடிந்ததும் சொந்தக்காரர் வருகிறார்கள். "அவனை உள்ள போட்டால் ஆரம்மா கடலுக்குப் போறது? பிள்ளையளின்ர முகத்தைப் பார்." அவள் வாய் மூடுகிறாள். அடுத்த முறை அவன் படலையோடு நிற்க மாட்டான்.

உறவுகளே, "அடிச்சவரோ?" என்று கேட்பதே பிழை. நீதிமன்றம் தடுத்ததைச் செய்தாலே குற்றம். காயம் காட்டத் தேவையில்லை. அதற்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டம். அதே ஆண்டு இந்தியா இயற்றிய சட்டம் 20,000 இந்திய ரூபாய் வரை தண்டம் வைத்து, கட்டளை மீறலைப் பிணையை உரிமையாகக் கேட்க முடியாத குற்றமாகவும் ஆக்கியது. இன்றைய விலைவாசிக்கு 10,000 ரூபாய் ஒரு தண்டனையா? அது உயரத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற சட்டத்தை ஓட வைப்பது அதற்கும் முந்திய வேலை.

ஓடாத கட்டளை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள காசில் ரொக் நகரம் காட்டியது. 1999 ஜூனில் ஒரு தாயின் மூன்று பெண் பிள்ளைகளைத் தகப்பன் நீதிமன்றக் கட்டளையை மீறிக் கொண்டுபோனான். தாய் பொலிசை மாறி மாறி அழைத்தாள். நேரிலும் போய் நின்றாள். "பொறுத்துப் பார்ப்போம்" என்ற பதில்தான் வந்தது. விடியுமுன் மூன்று பிள்ளைகளும் பிணமானார்கள். கட்டளையை நடைமுறைப்படுத்தும்படி பொலிசாருக்கு இடும் பணிப்பு அந்தக் கட்டளைத் தாளிலேயே அச்சாகியிருந்தது. இருந்தும் 2005இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவளுடைய வழக்கைத் தள்ளிவிட்டது. 2011இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை ஆணைக்குழு, அரசு கடமை தவறியது என்று சொன்னது. நியாயம் வந்தது, பிள்ளைகள் வரவில்லை.

ஆகவே பொலிஸ் அதிகாரிகளிடம் பணிவோடு கேட்கிறேன்: கட்டளை பெற்ற வீடுகளின் விபரம் இரவுக் கடமையில் இருப்பவரின் மேசையில் இருக்கட்டும். அழைப்பு வந்தால் அன்றிரவே போங்கள். மீறியவனை எச்சரித்து வீட்டுக்கு அனுப்பாமல், நீதவான் முன் நிறுத்துங்கள்.

கடற்றொழிலாளர் சங்கப் பெரியோரே, பங்குத்தந்தை அவர்களே, உங்கள் சொல்லுக்கு இந்தக் கரையில் மதிப்பு உண்டு. நீதவான் இட்ட கட்டளையை மாற்றவோ நீக்கவோ நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். நம்முடைய சமாதானப் பேச்சால் முடியாது. ஆர் கடலுக்குப் போறது என்று கேட்பவர்களுக்கும் சட்டத்தில் பதில் உண்டு. அவசரப் பண உதவி கொடுக்கும்படி நீதவான் அவனுக்கே கட்டளையிடலாம்.

தங்கச்சிமாரே, கட்டளையின் பிரதி ஒன்றை நம்பிக்கையான அயல்வீட்டில் வையுங்கள்; போனிலும் படமெடுத்து வையுங்கள். அவன் வந்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள், அழைப்புகளை அழிக்காதீர்கள். 12 மாதம் முடியுமுன் நீடிப்புக்கு மனுக் கொடுங்கள். 119 பொலிஸ்; 1938 பெண்கள் உதவி இலக்கம். அயலவரே, அவன் கத்தும் சத்தம் கேட்டால் நீங்களும் பொலிசுக்கு எடுங்கள், சாட்சி சொல்லவும் வாருங்கள்.

இந்தக் கூட்டம் கலையுமுன் ஒரு தீர்மானம் எடுப்போம். நம் ஊரான கீரியில் பாதுகாப்புக் கட்டளை பெற்ற எந்தப் பெண்ணிடமும், மீறலை மறந்துவிடு என்று மாதர் சங்கமோ கடற்றொழிலாளர் சங்கமோ பேசாது. அவள் முறைப்பாடு கொடுக்கப் போனால் சங்கத்திலிருந்து இருவர் கூடவே போவார்கள். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்; ஆண்கள் முதலில் உயர்த்துங்கள்.