லூசி ஸ்டோன் எழுத மறுத்த கட்டுரை



1847இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஓபர்லின் கல்லூரி இதுபோன்ற ஒரு பட்டமளிப்பு விழாவுக்குத் தயாரானது. விழாவில் படிக்க ஒரு கட்டுரை எழுதும்படி லூசி ஸ்டோனை உடன் படித்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய கௌரவம்தான். ஆனால் ஆண்களும் பெண்களும் கூடியிருக்கும் சபையில் ஒரு பெண் எழுந்து படிக்கக் கூடாதாம்; அவர் எழுதித் தர, ஓர் ஆண் படிப்பாராம். அப்படியானால் எழுதவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார் லூசி.

அந்தப் படிப்புக்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மகன்களைப் படிக்க வைத்த தந்தை மகளுக்குப் பணம் தர மறுத்தார். 16 வயதில் ஆசிரியை வேலைக்குப் போய், ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்தில் காசு சேர்த்து, 25 வயதில்தான் கல்லூரி வாசலை மிதித்தார். 1837லேயே பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்த கல்லூரி ஓபர்லின். அங்கேயும் விவாதம் ஆண்களுக்கு. பெண்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். லூசியும் தோழி ஆன்டனெட் பிரவுனும் காட்டுக்குள் போய் ரகசியமாகப் பேசிப் பழகினார்கள். பிறகு ஊர் ஓரத்தில் ஒரு முதிய கறுப்பினப் பெண்மணி தன் வீட்டைத் திறந்துவிட்டார். பெண்ணுரிமை வரலாற்றில் அந்த அம்மாவுக்கும் பெரிய இடம் உண்டு என்பேன்.

பட்டம் பெற்ற லூசி, அடிமை முறையை எதிர்த்தும் பெண்ணுரிமை கேட்டும் ஊர் ஊராகப் பேசினார். ஒரு கூட்டத்தில் ஜன்னல் வழியே குளிர்ந்த நீரைப் பீய்ச்சியடித்தார்கள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். மணமான பிறகும் தன் பெயரை மாற்றவில்லை. 1879இல் மாசசூசெட்ஸில் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்களுக்கு வாக்கு கிடைத்தது. லூசி தன் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்தால்தான் ஏற்போம் என்றார்கள். அந்த வாக்கையும் வேண்டாம் என்றார். 1893இல் அவர் மறைந்து 27 ஆண்டுகள் கழித்தே, 1920இல், பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது சட்டத் திருத்தம் வந்தது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் பெரும்பாலோர் வாக்களிக்க 1965 வரை காத்திருந்தார்கள்.

ஓபர்லின் தன் பொன்விழாவுக்கு, 1883இல், லூசியைப் பேச அழைத்தது. போனார், பேசினார்.

மாணவியரே, அறிக்கையை நீங்கள் தயாரிக்க, கூட்டத்தில் வேறொருவர் வாசிக்கும் நாள் வேலையிடத்தில் உங்களுக்கும் வரலாம். அன்று வாய்விட்டுக் கேளுங்கள். மாணவர்களே, அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தால், எழுதியவரையே எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் அனைவருக்கும், உங்களைப் படிக்க வைத்த பெற்றோருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.