பேய் கேட்கும் பாக்கி



பேய்ப் படத்தைப் பற்றிப் பேசுவதற்கு அறக்கட்டளைச் சொற்பொழிவு மேடைதானா கிடைத்தது என்று ஒருவர் கேட்டால் அதில் தவறில்லை. 2022-ல் இந்தோனேசியாவில் வெளியான 'கே.கே.என். டி தேசா பெனாரி' என்ற பேய்ப் படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்கள் ஒரு கோடிப் பேருக்கு மேல். அதே ஆண்டு இயக்குநர் ஜோகோ அன்வரின் 'பெங்காப்டி செட்டான்' இரண்டாம் பாகத்துக்கு 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். இவ்வளவு பேர் காசு கொடுத்து எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது சினிமாவுக்கு அப்பாலும் போகிற கேள்வி. அந்தப் படங்களில் பேயின் கோர முகம் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, திடுக்கிட வைக்கும் ஓசை இருக்கிறது. ஆனால் பயம் அவற்றிலிருந்து வருவதில்லை என்பது என் கருத்து. யாரோ எப்போதோ வாங்கிய ஒன்றுக்கு இன்னொருவர் வாசலில் வந்து பாக்கி கேட்கிறார்கள். அந்தக் கணக்கைத் தீர்த்துவைக்க அதிகாரம் உள்ளவர்கள் என்று நாம் நம்பியிருந்த எவருக்கும் அந்த அதிகாரம் இல்லை. இந்தோனேசியப் பேய்ப் படத்தின் பயம் இங்கேதான் குடியிருக்கிறது.

ஜோகோ அன்வர் 2017-ல் எடுத்த 'பெங்காப்டி செட்டான்' (சாத்தானின் அடிமை என்று பொருள்) எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். இடுகாட்டிலும் இல்லை, நள்ளிரவிலும் இல்லை; பட்டப்பகலில், ஒரு இசைத்தட்டு நிறுவனத்தில். கதை நடப்பது 1981-ல். ஒரு காலத்தில் புகழ்பெற்ற பாடகியான தாய் மூன்றாண்டுகளுக்கு மேலாகப் படுக்கையில் கிடக்கிறாள். மூத்த மகள் ரினி தாயின் பாடல்களுக்கு உரிய பங்குத்தொகை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வருகிறாள். பழைய பாட்டு விற்பதில்லை, கொடுக்க ஒன்றுமில்லை என்கிறார்கள். மருத்துவச் செலவுக்காக வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருக்கிறது. பேச முடியாத தாய் ஆளைக் கூப்பிட வேண்டுமானால் கட்டிலருகே உள்ள சிறு மணியை ஆட்டுவாள். அவள் இறந்து, அடக்கமும் முடிந்து, வேலை தேடித் தகப்பன் நகரத்துக்குப் போன பிறகு, அந்த மணி மறுபடி ஒலிக்கிறது. உயிரோடு இருந்தபோதும் அந்த மணிக்கு ஒரே பொருள்தான்: யாராவது வாருங்கள், எனக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட வீட்டுக்கு அந்த ஓசையில் உள்ள சலிப்பும் அந்தச் சலிப்பினால் வரும் குற்றவுணர்வும் தெரியும். படம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. செத்த பிறகும் மணியை நிறுத்தாமல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். முன்பு பிள்ளையில்லாதிருந்த அந்தத் தாய் பிள்ளை வரம் வேண்டி ஒரு ரகசியக் கூட்டத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டதும், கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது அவர்கள் வந்து அவனை எடுத்துக்கொள்வார்கள் என்பதும் பின்னால்தான் தெரியவருகிறது. ஈடு வைக்கப்பட்டது வீடு மட்டுமல்ல.

இந்தப் பேரத்துக்கு ஜாவாவில் பழைய பெயர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத சக்தியிடம் செல்வம் கேட்டுச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் 'பெசுகிஹான்'. அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய உயிர் 'தும்பால்'. தும்பாலாகப் போகிறவர் பெரும்பாலும் ஒப்பந்தம் செய்தவர் அல்ல, அவருடைய பிள்ளையோ மனைவியோ வேலைக்காரரோ. திடீரெனப் பணம் சேர்த்த பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி ஊர் முணுமுணுக்கும் சொல் இது. ஜோகோ அன்வர் 2019-ல் எடுத்த 'பெரெம்புவான் தானா ஜஹானம்' இந்த முணுமுணுப்பைத் தலைகீழாகப் புரட்டுகிறது. கதாநாயகி மாயா நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் இரவுப் பணி செய்தவள். பிறகு சந்தையில் தோழியோடு துணிக்கடை போட்டுக் கைக்காசை இழந்தவள். பெற்றோர் ஊரில் பெரிய வீடு ஒன்று தன் பெயரில் இருக்கலாம் என்ற நம்பிக்கையில் ஹர்ஜோசாரி என்ற மலைக்கிராமத்துக்குப் போகிறாள். அங்கே பல ஆண்டுகளாகக் குழந்தைகள் தோலில்லாமல் பிறக்கின்றன. அதற்கு மூலம் பாவைக்கூத்துக் கலைஞர் ஒருவரின் குடும்பம். அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசு மாயா. ஜாவாவின் 'வயாங் குலிட்' நிழற்கூத்தில் பாவைகளை எருமைத் தோலைச் செதுக்கிச் செய்வார்கள். இந்தப் படத்தில் அது மனிதத் தோல். சொத்து தேடிப் போனவளுக்குப் பத்திரத்தோடு கடனும் கைமாறுகிறது.

இந்தோனேசியாவில் சொல்லப்படும் பேய்களின் பிறப்பைப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். பிரசவத்தில் இறந்த பெண் 'குந்திலானக்' ஆகிறாள். 2015-ல் இந்தோனேசியா எடுத்த இடைக்கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் பிறப்புக்கு 305 தாய்மார்கள் இறந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தப் பேயை வெறும் கற்பனை என்று ஒதுக்க மனம் வராது. 'போச்சோங்' இன்னும் நுட்பமானது. சடலத்தைச் சுற்றிய வெள்ளைத் துணியைத் தலையிலும் காலிலும் முடிச்சிட்டுக் கட்டுவார்கள். குழியில் இறக்கியதும் முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க மறந்தால் இறந்தவர் அந்தக் கட்டோடு வந்து நிற்பார், அவிழ்த்துவிடு என்று கேட்க. கொலை, வஞ்சகம் எதுவும் தேவையில்லை. இருப்பவர்களின் கவனக்குறைவு ஒன்றே போதும். பேய்க்கு உகந்ததாகச் சொல்லப்படும் வெள்ளி-கிலிவோன் இரவுகூட, ஜாவாவின் ஐந்து நாள் சந்தைச் சுற்றும் ஏழு நாள் வாரமும் கூடி 35 நாளுக்கு ஒருமுறை வருவது, தவணை நாள் மாதிரி. (மலாய் மொழியில் குந்திலானக்கின் பெயர் பொந்தியானக். சிங்கப்பூரில் 1957-ல் அந்தப் பெயரிலேயே முதல் படத்தை எடுத்தவர் பி. என். ராவ், தமிழில் 1939-ல் 'ரம்பையின் காதல்' எடுத்தவர். கதாநாயகி மரியா மெனாடோ சுலாவெசிக்காரர். நம் சினிமா வரலாற்றில் இந்த வரி அநேகமாக விடுபட்டே போகிறது.)

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாக்கி கேட்கும் பேய் எந்த நாட்டில் இல்லை? அநியாயமாகச் செத்தவள் பழிவாங்க வருவது உலகப் பொதுக்கதைதானே? உண்மைதான். 1970, 80-களில் இந்தோனேசியப் பேய்ப் படங்களின் அரசியாக விளங்கிய சுசன்னாவின் படங்களும் அப்படிப்பட்டவையே. 1981-ல் வந்த 'சுண்டெல்போலோங்'கில் அவர் நடித்த ஆலிசா, வன்புணர்வுக்கு ஆளாகி, நியாயம் கிடைக்காமல் செத்து, முதுகில் ஓட்டையோடு திரும்பி வருகிறாள். அந்த வகைப் பேயாக அவர் சாத்தே (குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி) கடைக்குப் போய் 200 குச்சி கேட்டுத் தின்னும் காட்சியை அந்நாட்டில் தெரியாதவர் குறைவு. கடைக்காரர் நடுங்குகிறார், அரங்கம் சிரிக்கிறது. சிரிக்க முடிந்தது ஏன்? கடைசி ரீலில் கணக்கு முடிக்கப்படும் என்று பார்ப்பவர்களுக்கு முன்பே தெரியும். கியாய், அதாவது இஸ்லாமிய மார்க்க ஆசான் ஒருவர் வருவார், ஓதுவார், பேய் அமைதியடையும். 'பெங்காப்டி செட்டானின்' 1980-ஆம் ஆண்டு மூலப்படமும் அப்படியே முடிகிறது; தொழுகையை மறந்த பணக்காரக் குடும்பம் பள்ளிவாசலுக்குத் திரும்புகிறது. அன்றைய அதிபர் சுஹார்த்தோ ஆட்சியின் தணிக்கையும் படத்துறை நெறிமுறையும் தீமை தண்டிக்கப்பட்டே ஆக வேண்டும் என்று எதிர்பார்த்தன. பேய் எவ்வளவு கோரமாக இருந்தாலும் மேலே ஒருவர் இருக்கிறார், அவர் கணக்கை முடிப்பார் என்பது அந்தப் படங்களின் உறுதிமொழி. பேய் எங்கும் இருக்கலாம். அந்த உறுதிமொழி கைவிடப்பட்டதுதான் இந்தோனேசியாவின் தனிக்கதை.

அதை யார் கைவிட்டார்கள்? ஒரு பகுதி விடை, பேய்ப் படம் என்று யாரும் பெயரிடாத ஒரு படத்தில் இருக்கிறது. 1984-ல் அரசுப் படநிறுவனத்துக்காக அரிஃபின் சி. நூர் இயக்கிய படம், 1965 செப்டம்பர் 30 இரவில் இராணுவத் தளபதிகள் கொல்லப்பட்டுக் கிணற்றில் போடப்பட்டதைக் காட்டுவது. நாலரை மணி நேரம். ஆண்டுதோறும் அதே நாளில் அரசுத் தொலைக்காட்சியில் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் பார்த்தாக வேண்டியிருந்தது. 1998-ல் சுஹார்த்தோ விழுந்த பிறகே நின்றது. இருட்டும், கிணறும், ரத்தமும், கிசுகிசுப்பும் கொண்டு ஒரு தலைமுறைக்கே பயத்தின் இலக்கணம் கற்றுக்கொடுத்த படம் அது. அந்த இரவுக்குப் பின் கம்யூனிஸ்டுகள் என்ற பெயரில் கொல்லப்பட்ட, குறைந்தது ஐந்து லட்சம் என்று பரவலாக மதிப்பிடப்படும் மக்கள் அதில் இல்லை. கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட பேரேடு. ஜோகோ அன்வர் தன் கதைகளை 1981-லும் 1984-லும் கொண்டுபோய் வைப்பது வெறும் பழைய உடை, பழைய கார் மோகத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் பாகம் நடக்கும் காலத்தில் நகரத் தெருக்களில் பச்சை குத்தியவர்களின் சடலங்கள் கிடந்தன. 'பெட்ருஸ்', மர்மத் துப்பாக்கிச் சூடு என்று மக்கள் சொன்னார்கள். அது அச்சுறுத்திப் பாடம் கற்பிக்கச் செய்யப்பட்டது என்று சுஹார்த்தோ 1989-ல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். அந்தப் படத்தில் இது பின்னணிச் செய்தியாக வந்துபோகிறது. பேய்ப் படத்தில் அரசியலைத் திணித்துப் படிக்கிறேன் என்று சொல்வீர்களானால், வந்துபோவது வந்துபோவதுதான், அதற்கு மேல் நான் ஏற்றவில்லை. ஆனால் கடைசி ரீலில் வந்து காப்பாற்றுவார் என்று சொல்லப்பட்டவரே பயமுறுத்தியவர் என்று தெரிந்துகொண்ட மக்களுக்குப் பழைய முடிவு எடுபடாது. 2017 படத்தில் உஸ்தாத், அதாவது மார்க்க ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், நல்லவர், உதவ வருகிறார். அவர் மகனே விபத்தில் சாகிறான், அவரும் மடிகிறார். தொழுகைத் துணி போர்த்தி ரினி தொழும் நேரத்திலேயே பேய் வந்து நிற்கிறது.

எல்லாம் உத்திதான், ஜப்பானிய 'ரிங்'கும் அமெரிக்க 'கன்ஜூரிங்'கும் சொல்லிக்கொடுத்த ஒலியும் இருட்டும் என்பது இன்னொரு மறுப்பு. கடன் வாங்கியது நிஜம். 1980 மூலப்படமே ஓராண்டு முன்பு வந்த அமெரிக்க 'ஃபேண்டஸம்' சாயலில் எடுக்கப்பட்டது. ஆனால் 2000-களின் பின்பாதியில் அதே உத்திகளோடு கவர்ச்சியையும் சேர்த்து டஜன் கணக்கில் எடுத்துத் தள்ளிய படங்கள் ஏன் யாரையும் பயமுறுத்தவில்லை? உத்தி கதவைத் திறக்கும். வாசலில் நிற்பவருக்கு நம்மிடம் கேட்க ஏதாவது இருக்க வேண்டும். அங்குள்ளவர்கள் பேயை நம்புகிறார்கள், அதனால் பயப்படுகிறார்கள் என்ற வாதமும் நிற்காது. சுசன்னாவைப் பார்த்துச் சிரித்தவர்களும் நம்பியவர்களே.

என் வாதத்துக்கு உண்மையாகவே இடைஞ்சலாக இருப்பது ஒரு கோடிப் பேர் பார்த்த அந்த 'கே.கே.என்.' படம்தான். களப்பணிக்காக ஒதுக்குப்புறக் கிராமத்துக்குப் போகும் ஆறு கல்லூரி மாணவர்களில் இருவர் அங்குள்ள கட்டுப்பாட்டை மீறிக் காமத்தில் இறங்கிச் சாகிறார்கள். அவர்களுடைய முன்னோர் யாரும் பேரம் பேசியிருக்கவில்லை. இளைஞரை மிரட்டும் பழைய நீதிக்கதை. இதை மறைக்க விரும்பவில்லை; அந்தப் படத்தை நான் பெரிதாக மதிப்பதுமில்லை. ஆனாலும் ஊர்த்தலைவர் ஊருக்கும் காட்டின் நாட்டிய தேவதைக்கும் இடையிலான பழைய உடன்பாட்டை அறிந்தவர், அறிந்தே அவர்களை ஊருக்குள் விட்டவர். மீறியவர்கள் தண்டிக்கப்படுகிறார்கள், சொல்லாமல் விட்டவர் தப்புகிறார். படம் இதைக் கவனிக்காதது போல நகர்ந்துவிடுகிறது.

2017 படத்தின் கடைசிக் காட்சி. குடும்பம் அந்த வீட்டைவிட்டு நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறாள், இனிமையாகப் பேசுகிறாள், தன் வீட்டுக்குத் திரும்பிக் கணவனோடு நிதானமாக நடனமாடுகிறாள். அவள் பெயர் டார்மினா. 1980 படத்தில் சாத்தானின் அடிமையாக அந்த வீட்டுக்கு வந்த வேலைக்காரியின் பெயர். புதிய வீட்டுக்கு யாரும் முகவரி கொடுத்திருக்கவில்லை.