நோயுற்ற பூனையும் எதிர்ப்புச் சக்தியும்



ஈராண்டுகளுக்கு முன் என் இல்லத்தில் ஐந்து மாதப் பூனைக்குட்டி ஒன்று வளர்ந்து வந்தது. ஒருநாட் காலை அது உணவைத் தொடவில்லை. தண்ணீர்ச் சிரட்டையின் முன்னே தலையைத் தொங்கவிட்டபடி குந்தியிருந்தது. மாலையில் வாந்தி கண்டது. "எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, மாஸ்டர், உள்ளிச் சாற்றைப் பாலிற் கலந்து பருக்குங்கள்" என்றார் அயலவர் ஒருவர். அவ்வாறே செய்தேன். ஒரு நாள் வீணே கழிந்தது. அந்த ஒரு நாளைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

மறுநாள் மிருக வைத்தியர் குருதியைச் சோதித்து, வெண்குருதிக் கலங்களை அழிக்கும் வைரசு நோய் என்றார். இவ்வைரசு எலும்பு மச்சையையும் குடலின் உட்படையையும் தாக்குகின்றது. எதிர்ப்புச் சக்தியை ஊட்டும் மருந்து உண்டா என வினவினேன். "படைவீரர் பிறக்கும் இடமே பாழாகியிருக்கிறது, இல்லாத படைக்கு முரசறைந்து என்ன பயன்?" என்றார் அவர்.

அத்தகைய மருந்துகள் இல்லாமலில்லை. 1957 ஆம் ஆண்டில் இலண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் என்னும் இருவர், வைரசு தாக்கிய கலங்கள் வெளியிடும் இன்ரபெரோன் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். பூனைக்குரிய இன்ரபெரோன் பின்னர் மருந்தாகவே தயாரிக்கப்பட்டது. பூனைகளின் வெண்குருதிப் புற்றுநோய் வைரசிற்கு அது ஓரளவு பயன் தந்தது. ஆயினும், வயிற்றறை உறையை அழற்சியுறச் செய்யும் கொரோனா வைரசு நோயுற்ற 37 பூனைகளிற் சோதித்து, 2007 இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் ஆயுள் நீடித்ததாகக் காணப்படவில்லை. அந்நோயிலே கேடு விளைவிப்பதில் உடலின் சொந்த எதிர்ப்புக்கே பெரும் பங்குண்டு. எரியும் வீட்டிற்கு எண்ணெய் வார்க்கலாமா? அந்நோய்க்கு வழி திறந்தது வைரசின் பெருக்கத்தையே தடுக்கும் மருந்து. கலிபோர்னியாவில் பெடர்சன் குழுவினர் 31 பூனைகளுக்கு அதனை அளித்தனர். 26 பூனைகள் பன்னிரு வாரச் சிகிச்சையை நிறைவு செய்தன. இம்முடிவு 2019 இல் வெளியாயிற்று.

ஆகவே, "எதிர்ப்புச் சக்தி" என்பது எல்லாப் பூட்டையும் திறக்கும் திறப்பன்று. எந்நோய் என்று அறிந்த பின்னரே மருந்து. என் குட்டிக்கு வேண்டியிருந்தவை வேறு: இழந்த நீரை ஈடுசெய்யச் சேலைன், வாந்தியை அடக்க மருந்து, பக்ரீரியாத் தொற்றைத் தடுக்க நுண்ணுயிர்கொல்லி, உடற்சூடு, சிறிது சிறிதாக உணவு. இவற்றால் முதல் ஐந்து நாட்களைக் கடக்கும் பூனை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

என் குட்டி நான்காம் நாள் இறந்தது. முதல் நாளே கொண்டு சென்றிருந்தாற் பிழைத்திருக்குமோ, அறியேன். ஆனால் உள்ளியும் வெங்காயமும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை என்பதை அன்றே அறிந்தேன். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பரசிற்றமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அன்பினால் ஊட்டினும் நஞ்சு நஞ்சே.

உண்மையான எதிர்ப்புச் சக்தி நோய்க்கு முன்னரே ஊட்டப்படுவது. பிறந்த முதல் நாளிற் குடிக்கும் சீம்பாலினால் தாயின் காப்பு குட்டிக்குக் கிடைக்கின்றது. அக்காப்பு சில வாரங்களில் மறையும். அது மறையும்வரை தடுப்பூசியும் நன்கு பற்றாது. அதனாலேயே ஆறு முதல் எட்டு வாரத்திற் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் நிறையும்வரை ஊசி ஏற்றுகின்றனர்.

இந்த வைரசு வீட்டில் ஓராண்டு வரையும் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஆகையால் அடுத்த குட்டியை உடனே கொண்டுவராது, ஊசிகள் அனைத்தும் ஏற்றப்பட்ட பின்னரே கொண்டுவந்தேன். இப்பொழுது அது என் மேசையின் கீழ் உறங்குகின்றது. அதற்கு நான் செய்த வைத்தியம் அவ்வளவே, காலத்திற் செய்தேன்.