தூதுவர் ஏறிய மலை



இன்று அவ்ரஹாம் ஹார்மன் என்ற யூதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 1914இல் லண்டனில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர். அங்கேயே வக்கீலாக வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் 1938இல் பாலஸ்தீனம் போனார். யூத அமைப்புகளின் இளைஞர் பிரிவிலும் செய்திப் பிரிவிலும் உழைத்தார். இஸ்ரேல் உருவான பிறகு மாண்ட்ரியல், நியூயார்க் என்று அரசுப் பணி. 1959 முதல் 1968 வரை வாஷிங்டனில் தூதுவர். கென்னடி அரசு இஸ்ரேலுக்கு ஹாக் ஏவுகணைகளை விற்க இசைந்ததும், 1967 போரும் அந்த ஆண்டுகளில்தான்.

என்னை ஈர்த்தது அதற்குப் பிந்திய வாழ்க்கை. ஐம்பதைக் கடந்தவர், 1968இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் தலைவர் பொறுப்பை ஏற்றார். 1925இல் ஸ்கோபஸ் மலைமேல் திறக்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. 1948 போருக்குப் பின் மலையைச் சுற்றிலும் ஜோர்டான் வசமான பகுதி. 19 ஆண்டுகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐ.நா. மேற்பார்வையில் வண்டிகள் மேலே போகும். பழைய இஸ்ரேல் காவலர்கள் இறங்க, புதியவர்கள் ஏறுவார்கள். அங்கே கட்டடங்கள் இருந்தன, மாணவர்கள் இல்லை. பாடமெல்லாம் நகரின் மேற்குப் பகுதியில்.

1967 போருக்குப் பின் ஹார்மன் வந்தபோது மலைக்கு வழி திறந்திருந்தது. மீண்டும் கட்டப் பணம் வேண்டும். பல நாடுகளில் இருந்த பல்கலைக்கழக நண்பர் சங்கங்கள், நம்மைப் போல வெளிநாட்டில் வாழ்ந்தவர்கள், திரட்டிக் கொடுத்தார்கள். 1981இல் ஸ்கோபஸ் மறுபடி முதன்மை வளாகமானது. ஐன்ஸ்டீன் உயிலில் பல்கலைக்கழகத்துக்கு விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகள் ஜெருசலேம் வந்து சேர்ந்ததும் ஹார்மன் காலத்தில்தான். ஆனால் ஸ்கோபஸ் வளாகத்தை விரிவாக்க அரபு உரிமையாளர்களின் நிலமும் எடுக்கப்பட்டது. மண்ணை இழந்த குடும்பங்கள் இந்த அவையிலும் உண்டு, அதைச் சொல்லாமல் கடப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1983வரை, பதினைந்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். சோவியத் யூதர்களுக்கான பொதுக்குழுவுக்கும் தலைமை தாங்கினார். பெரிய பதவிகளைப் பார்த்தவருக்கு வரவு செலவும் கட்டட வரைபடமும் சிறிய வேலையாகத் தோன்றவில்லை.

பணி ஓய்வை நெருங்கும் நம் மருத்துவர்களே, பொறியாளர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் தமிழ்ப் பள்ளிக்கு நிர்வாகி வேண்டும், கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். இன்று விழா முடிந்து போகுமுன் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.