சிறையிலிருந்து சட்டசபைக்கு
(கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கூடியிருப்பது கிள்ளானில். 1941-ல் கூலி உயர்வு கேட்டுத் தோட்ட மக்கள் வேலை நிறுத்தம் செய்தது இந்த வட்டாரத்தில்தான். முன்னின்ற ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அதை மனதில் வைத்து, வழக்கறிஞர் வீ. கணபதிராவ் அவர்களின் அரசியல் வாழ்வைப் பாருங்கள்.

2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி. கூட்டத்தின் மீது கண்ணீர்ப் புகை, தண்ணீர்ப் பீரங்கி. டிசம்பர் 13-ல் அவரையும், உதயகுமார், மனோகரன், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய நால்வரையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள். கமுந்திங் முகாம். விசாரணை கிடையாது. வழக்கறிஞருக்கே வழக்கு இல்லை என்றால் நம் கதி என்ன?

2008 மார்ச்சில் தேர்தல். கோத்தா ஆலம் ஷா மக்கள், முகாமில் அடைபட்டிருந்த மனோகரனைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். வேட்பாளர் வாசலுக்கு வரவில்லை, கை கூப்பவில்லை. ஆனாலும் ஓட்டு விழுந்தது! 2009 ஏப்ரலில் கணபதிராவ் விடுதலையானார். மனோகரன் மே மாதத்தில். 2013-ல் அதே தொகுதியில் கணபதிராவ் வென்று, மாநில ஆட்சிக்குழுவிலும் இடம் பெற்றார். தோட்டத் தொழிலாளர் நலன் அவர் பொறுப்பில் வந்தது. பிறகு 2018-ல் கோத்தா கெமுனிங், 2022-ல் கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதி.

தோழர்களே, கை தட்டியது போதும். கணக்கு எழுதுகிறவன் கணக்காகவே கேட்கிறேன்: மாநிலத்தில் உட்காருகிறவரால் நமக்கு எது முடியும்? சம்பளச் சட்டம் மத்திய அரசின் கையில். அதை மாநிலத்திடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் நிலம் மாநிலத்தின் கையில். தோட்ட நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கொடுத்த பிறகு லயத்துக்காகக் கண்ணீர் விட்டு என்ன பயன்? தொழிலாளிக்கு வீடு என்ற நிபந்தனையை அனுமதிக்கு முன்பே போடச் சொல்ல வேண்டும். யார் அந்த நாற்காலியில் இருந்தாலும் இதைத்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குடும்பம், எத்தனை வருட வேலை என்று பட்டியல் எழுதிச் சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். பெரட்டு முடிந்ததும் கிராணிமார் எழுதித் தருவோம்.