இல்லக் குளிரூட்டியைப் பேணும் முறை

சித்திரை மாதத்து நண்பகல். கொழும்பு மாநகரின் மாடிவீடொன்றிலே குளிரூட்டி காலை முதலாக இயங்கிக்கொண்டிருக்கிறது, அறையோ குளிர்ந்தபாடில்லை. சுவரோரமாக நீரும் சொட்டுகிறது. வீட்டுக்காரர் பழுதுபார்ப்பவரை அழைப்பிக்கிறார். வந்தவர் பொறியைத் திறந்தும் பாராது, “வாயு முடிந்துவிட்டது, ஐயா; நிரப்ப வேண்டும்” என்கிறார். பணம் கைமாறுகிறது. இரு வாரம் கழியுமுன்னே பழைய கதை மீண்டும் தொடங்குகிறது. அப்பொறியில் வாயு குறைந்திருக்கவில்லை. வடிகட்டியிலே தூசிதான் நிறைந்திருந்தது.

இத்தகைய இழப்பைத் தவிர்க்க விரும்புவோர், பொறியின் தொழிற்பாட்டைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் நன்று. 1902ஆம் ஆண்டிலே வில்லிஸ் கரியர் என்னும் இளம் அமெரிக்கப் பொறியியலாளர், நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றிற்காக வளியைச் சீராக்கும் அமைப்பொன்றை வகுத்தார். வளியின் ஈரத்தாலே கடதாசி விரிந்து சுருங்க, வண்ணங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தாது போயின. அக்குறையை நீக்குவதே அவர் நோக்கமாயிருந்தது. ஆதலால், வளியின் ஈரத்தைப் பிரித்தெடுத்தலும் இப்பொறியின் பிறவித் தொழிலாகும்.

அறையினுள்ளே இருக்கும் பகுதியிலே குழாய்ச் சுருளொன்று உண்டு. அதனுள் குளிரூட்டுந் திரவம் தாழ்ந்த அமுக்கத்திலே ஆவியாகிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்வதுபோல, ஆவியாகும் திரவம் அறையின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. வெளியேயுள்ள பொறி அவ்வாவியை அமுக்க, அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, மீண்டும் உள்ளே வருகிறது. இது மூடிய வட்டம். விளக்கின் எண்ணெய் எரிந்து தீர்வதுபோல இத்திரவம் தீர்ந்துபோவதில்லை. அது குறைந்திருக்குமாயின், எங்கோ கசிவு இருத்தல் வேண்டும். கசிவை அடைக்காது வாயுவை நிரப்புதல், ஓட்டைக் குடத்திலே நீர் வார்ப்பதற்கே ஒப்பாகும்.

இனி, வீட்டார் தாமே செய்யத்தக்கவை யாவை? எவ்வேலைக்கும் முன்னர் மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். தொலைக்கருவியால் நிறுத்துவது மாத்திரம் போதாது. பின்னர் முன்மூடியை உயர்த்தி, வலைபோன்ற வடிகட்டிகளைக் கழற்றித் தூசியை உதறி, தண்ணீரிலே மென்மையான தூரிகையாற் கழுவலாம். வெந்நீரும் கடும் வெயிலும் அவற்றை வளைத்துவிடும். ஆகையால் நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் நீங்கியபின்பே பொருத்துதல் வேண்டும். நாள்தோறும் இயங்கும் பொறிக்கு இதனை மாதம் ஒருமுறையேனும் செய்தல் தகும். தெருவோரத்து வீடுகளுக்கு இரு வாரத்திற்கொருமுறை நன்று.

வடிகட்டி அடைபட்டால் சுருளின்மீது போதிய வளி செல்லாது. சுருளிலே பனிக்கட்டி படியும். அது உருகும்போதே நீர் சொட்டுகிறது. அவ்வாறாயின் குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மாத்திரம் ஓடவிட்டுப் பனி உருகியபின், மின்னிணைப்பைத் துண்டித்து வடிகட்டியைக் கழுவுக. மீண்டும் பனி படியுமாயின் தொழில் தெரிந்தவரை அழைத்தல் வேண்டும்.

நீர் சொட்டுவதற்கு வடிகுழாய் அடைபடுதலும் காரணமாகலாம். வளியினின்று பிரிந்த நீர் செல்லும் அக்குழாயிலே பாசிபோன்ற வழுவழுப்பும் தூசியும் தேங்கும். அதன் வெளிமுனை திறந்திருக்கிறதா, நீரில் அமிழாதிருக்கிறதா என்று இடைக்கிடை பார்த்துக்கொள்ளுதல் நலம்.

வெளிப்பகுதியைச் செடிகொடிகளும் உலரவிட்ட துணிகளும் மறைத்தலாகாது. கடலோர ஊர்களிலே உப்புக்காற்று அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரிக்கும். நிலத்தில் நின்று எட்டக்கூடியதாயின், மின்னிணைப்பைத் துண்டித்தபின் மெதுவாக நீர் ஊற்றிக் கழுவலாம். வேகமாகப் பாய்ச்சினால் தகடுகள் மடிந்துவிடும். மாடியிலிருந்து எட்டிக் கழுவ முயல்வது உயிருக்கு உலை வைப்பதாகும்.

கைவைக்கலாகாதவையும் உள. வெளிப்பகுதியிலுள்ள கொள்ளளவி, மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும், தொட்டவரைத் தாக்கும். குளிரூட்டும் வாயுவையும் வீட்டார் தீண்டலாகாது. பழைய பொறிகளிலுள்ள ஆர்-22, ஓசோன் படலத்திற்கு ஊறு விளைப்பது. 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ்ப் படிப்படியாக விலக்கப்பட்டு வருவது. நூறாண்டுக் கணக்கிலே அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 1,800 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. புதிய பொறிகள் பலவற்றிலுள்ள ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. எனினும் ஓரளவு தீப்பற்றும் இயல்புடையது.

குளிரை 18 பாகையிலே வைப்பதால் அறை விரைந்து குளிரும் என்று எண்ணுவார் பலர். சாதாரணப் பொறி எந்த அளவில் வைத்தாலும் ஒரே வேகத்திலேதான் குளிரூட்டும். தாழ்ந்த அளவில் வைத்தால் நெடுநேரம் ஓடி மின்சாரத்தை விழுங்கும். 26 பாகையில் வைத்து, கூரை விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடலுக்கு இதமாயிருக்கும். மாத இறுதியில் மின்கட்டணமும் மட்டுப்படும்.

நகத்தாற் கிள்ளத்தக்கதைக் கோடரி கொண்டு வெட்டும் நிலைவரை வளர விடுதல் அறிவுடைமையன்று. மாதத்தில் அரைமணி நேரம் செலவிடும் குடும்பம், பொறியின் ஆயுளையும் தன் பொருளையும் ஒருங்கே காத்துக்கொள்கிறது. அடுத்த முறை ஒருவர் வந்து, “வாயு முடிந்துவிட்டது” என்று கூறுவாராயின், வீட்டார் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேயொன்று: “கசிவு எங்கே இருக்கிறது? அதனை முதலிற் காட்டுங்கள்.”